டிபி மாத்திரைச் சிவப்பு, மலேரியா மாத்திரைக் கறுப்பு: தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரின் நிறம் மாறும் என்பது தாராவியில் பலருக்கும் தெரிந்த விஷயம். காசநோய் இங்கே அத்தனை சகஜம். ரிஃபாம்பிசின் சேர்ந்த டிபி மாத்திரையை ஆரம்பித்த அன்றே ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிக்கொடுத்துவிடுவார். அந்தத் தெருவறிவு பெரும்பாலும் சரிதான். அது காலை வாரிவிட்ட ஒரு சந்தர்ப்பத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு. நோயாளி யார் என்று தெரியாதபடி ஊர், வயது போன்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

22 வயது இளைஞர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். மும்பைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் சித்தப்பாவும் சித்தியும் நடத்தும் இட்லிக் கூடத்தில் வேலை. விடியற்காலையில் ஹார்ன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லிக்காரர்களை மும்பையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த இட்லி வேகும் இடத்தில் நடு இரவிலிருந்து ஆவிக்கு முன்னால் நிற்பவர் இவர். குடி இல்லை, புகை இல்லை. இதற்கு முன் பெரிதாக எந்த நோயும் வந்ததில்லை. இந்தி இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. இந்தக் கடைசி விஷயம் கதைக்கு முக்கியம்.

ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் விவாக்ஸ் மலேரியா என்று உறுதியானது. மழைக்காலத்து மும்பையில் இதில் ஆச்சரியம் இல்லை. இங்கே மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி கொசு மொட்டைமாடித் தொட்டியிலும் மூடாத டிரம்மிலும் நிற்கும் சுத்தமான தண்ணீரிலேயே முட்டையிடும். வழக்கமான சிகிச்சையைக் கொடுத்தார்கள். குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் தினம் 15 மில்லிகிராம் வீதம் 14 நாள். அன்றைய ஹீமோகுளோபின் 13.4.

இரண்டு மருந்து ஏன் என்று பல நோயாளிகள் கேட்பதுண்டு. குளோரோகுயின் ரத்தத்தில் சுற்றும் கிருமியைக் கொல்லும். ஆனால் விவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் போய்த் தூங்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து மறுபடி காய்ச்சலைக் கொடுக்கும். அதைத் தீர்ப்பதற்குத்தான் பிரைமாகுயின். காய்ச்சல் விட்டபின்னும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று எல்லா இடத்திலும் அழுத்திச் சொல்வது இதனால்தான். இவருக்கும் சொன்னார்கள். இவரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

வீட்டில் நடந்தது

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று இரவு சிறுநீர் கறுத்துப் போனது. "கடுங்காப்பி நிறம்" என்றார். அடுத்த நாளும் அப்படியே.

வீட்டில் இதற்கு மூன்று விளக்கம் கிடைத்தது. மூன்றுமே முட்டாள்தனமானவை அல்ல.

முதல் விளக்கம் சித்தியுடையது. "சூடு சார். ராத்திரி முழுக்க அடுப்புகிட்ட நிக்கான், தண்ணி குடிக்கவே மாட்டேங்கான்." சித்தியின் மூத்த மகன் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நிற அட்டையையும் காட்டியிருக்கிறான். வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் பழுப்பில் முடியும் அட்டை. கடைசிக் கட்டத்துக்கு நேராக 'உடனே தண்ணீர் குடியுங்கள்' என்று இருந்தது. இந்த மாதிரி எட்டு நிற அட்டையை 1994-ல் லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க உடற்செயலியல் ஆய்வாளரின் குழு வெளியிட்டது. உடம்பில் நீர்ச்சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வந்தது அது. மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பயன்படும். காய்ச்சலும் மருந்துமாக இருப்பவர் அதைப் பார்த்தால், அவருடைய கேள்வியே அந்த அட்டையில் இருக்காது. நான்காம் நாள் நிறையத் தண்ணீர் குடித்தார். சிறுநீர் அளவு கூடியது, கறுப்பு குறையவில்லை. தண்ணீர்க் குறைவுதான் காரணம் என்றால் நாலைந்து மணி நேரத்திலேயே வெளுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது விளக்கம், எதிர் வீட்டு அண்ணனுடையது. முன்பு டிபிக்கு மருந்து சாப்பிட்டவர். "எனக்கும் மாசக்கணக்கா செவப்பாத்தான்டே போச்சு. மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயந்துபோய் நிறுத்திப்புடாத." பிரைமாகுயின் தொடர்ந்தது.

ஐந்தாம் நாள் கண் மஞ்சளானது. சரி, காமாலைதான் என்று முடிவு கட்டிக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். எண்ணெயும் உப்பும் நிறுத்தப்பட்டன. கீழாநெல்லி இந்தக் கதையில் குற்றவாளி அல்ல. 'காமாலை' என்று பெயர் வைத்ததும் தேடல் நின்றுபோனதுதான் கெடுதல். அன்றைய பிரைமாகுயினும் உள்ளே போயிற்று.

ஆறாம் நாள் காலை, மாடி அறைக்குப் போகும் இரும்பு ஏணியில் பாதி ஏறும்போதே மூச்சு வாங்கியது. அப்புறம்தான் என்னிடம் கூட்டி வந்தார்கள்.

மேசைமேல் தெரிந்தது

காய்ச்சல் இல்லை. நாடித்துடிப்பு 112. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்புறம் வெளிறிக் கிடந்தது. மஞ்சளும் வெளுப்பும் சேர்ந்து, இத்தனை வேகமாக வந்தால் கல்லீரலை மட்டும் சந்தேகிக்கக் கூடாது. கல்லீரல் அழற்சியில் கண் மஞ்சளாகும், ஆனால் நான்கு நாளில் ரத்தம் இப்படி வற்றாது.

சிறுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துவரச் சொன்னேன். பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் சரியாகத் தெரியாது. கறுஞ்சிவப்பு, கோலா நிறம். குலுக்கினால் வந்த நுரை வெள்ளையாகவே இருந்தது. காமாலைச் சிறுநீரில் நுரையும் மஞ்சளாக இருக்கும். இது பழைய கால வைத்தியர்களுக்கும் தெரிந்த குறி. சித்த மருத்துவத்தின் நீர்க்குறியில் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்ப்பார்கள். நுரையைத் தனியாக ஒரு குறியாக வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை.

சோதனைப் பட்டையை நனைத்ததும் ரத்தத்துக்கான கட்டம் கரும்பச்சையாகிவிட்டது: மூன்று பிளஸ். காமாலை நிறமியான பிலிருபின் இல்லை. அதிலிருந்து குடலில் உண்டாகும் யூரோபிலினோஜன் கூடியிருந்தது. இனி முக்கியமான படி. அந்தக் கட்டம் உண்மையில் ரத்த அணுவைத் தேடுவதில்லை. இரும்பு அடங்கிய ஹீம் என்ற பொருளின் வினையைத்தான் காட்டுகிறது. முழுச் சிவப்பணு வந்தாலும் நிறம் மாறும். அணு உடைந்து வெளியே கொட்டிய ஹீமோகுளோபின் வந்தாலும் மாறும். தசை நைந்து வெளிவரும் மயோகுளோபின் வந்தாலும் மாறும். மூன்றுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. அதனால் அதே சிறுநீரைப் பக்கத்து ஆய்வகத்துக்கு அனுப்பிச் சுழற்றி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். அடியில் சிவப்பு வண்டல் படியவில்லை, மேல் நீர் முழுக்கச் சிவப்பு. ஒரு பார்வைப் புலத்தில் ஒன்றிரண்டு சிவப்பணுதான். சிறுநீரகத்திலோ பையிலோ ரத்தம் கசியவில்லை.

ரத்த மாதிரியும் போயிருந்தது. சற்று நேரத்தில் ஆய்வகத்துப் பையன் போன் செய்தான். "சார், சாம்பிள் உடைஞ்சிருக்கு, சீரம் செவப்பா இருக்கு. வேற அனுப்புங்க." சீரம் என்பது உறைந்த ரத்தத்தின் மேல் தெளிந்து நிற்கும் நீர். ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது அணு உடைந்து மாதிரி கெடுவது தினமும் நடப்பதுதான், அவன் கேட்டது நியாயம். பெரிய நரம்பில், மெதுவாக, இரண்டாம் முறை எடுத்து அனுப்பினேன். அதுவும் இளஞ்சிவப்பு. அதாவது அணுக்கள் குழாயில் உடையவில்லை, அவருடைய உடம்புக்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தன. மயோகுளோபின் என்றால் சீரம் தெளிவாக இருந்திருக்கும். அது சிறிய மூலக்கூறு, ரத்தத்தில் தங்காமல் சிறுநீரகம் வழியே ஓடிவிடும். ஹீமோகுளோபின் அப்படி இல்லை, முதலில் ஹாப்டோகுளோபின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் புரதம் தீர்ந்தபின் மிஞ்சுவதுதான் சிறுநீரில் வந்து கறுப்பைக் கொடுக்கிறது.

அவர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். பிரைமாகுயின் ஐந்து நாளுக்கானது காலி. ஆறாவதை, காலையில் வாந்தி வந்ததால் இன்னும் சாப்பிடவில்லை. "இதை இனிமே தொடாத தம்பி" என்று சொல்லி, ஒரு சீட்டில் எல்லாவற்றையும் எழுதி மாநகராட்சி மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

மஞ்சளும் கறுப்பும் ஒரே இடத்திலிருந்து

சாதாரணச் சிறுநீர் ஏன் மஞ்சள்? நாம் குடித்ததும் தின்றதும் காரணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த மஞ்சளும் ரத்தச் சிவப்பணுவிலிருந்து வருவதுதான். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தினமும் ஒரு பங்கு கிழடாகி, மண்ணீரல் போன்ற இடங்களில் ஒழுங்காகப் பிரிக்கப்படுகிறது. ஹீம் பிலிருபினாகிறது, கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிக் குடலுக்குள் விடுகிறது, குடல் பாக்டீரியா அதை யூரோபிலினோஜனாக மாற்றுகிறது, அதில் கொஞ்சம் திரும்ப ரத்தத்துக்கு வந்து, யூரோபிலின் என்ற மஞ்சள் நிறமியாகச் சிறுநீரில் போகிறது. பாக்டீரியாவின் எந்த நொதி இதைச் செய்கிறது என்பதை 2024-ல்தான் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று கண்டுபிடித்தது. இவ்வளவு சாதாரணமான கேள்விக்கு இவ்வளவு தாமதமாகப் பதில்!

நம் நோயாளிக்கு இந்த ஒழுங்கு குலைந்துவிட்டது. அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே வெடித்து, ஹீமோகுளோபின் கல்லீரல் பக்கம் போகாமல் நேரே சிறுநீரகத்துக்கு வந்தது. கல்லீரலுக்கு வந்த பங்கும் அது சமாளிக்கும் அளவைத் தாண்டியதால், மாற்றப்படாத பிலிருபின் ரத்தத்தில் தேங்கிக் கண் மஞ்சளானது. மாற்றப்படாத பிலிருபின் ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சிறுநீரில் இறங்காது. பட்டையில் பிலிருபின் இல்லை, நுரை வெள்ளை என்பதன் பொருள் அதுதான். கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு, ஆனால் கல்லீரல் குற்றமற்றது.

உடைந்தது ஏன்? சிவப்பணுவுக்குள் ஜி6பிடி என்ற நொதி இருக்கிறது. ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து அணுவைக் காக்கும் குளூட்டாதயோனை மறுபடி மறுபடி புதுப்பிக்கத் தேவையான சரக்கை அது தருகிறது. பிறவியிலேயே அந்த நொதி குறைவாக இருப்பவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. பிரைமாகுயின் போன்ற ஒன்று உள்ளே போனால்தான் அணு தாக்குப்பிடிக்காமல் உடையும். 1950-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில், மலேரியா மருந்துகளைக் கைதிகள்மேல் சோதித்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் 1956-ல் இந்தக் காரணம் வெளிவந்தது. சிறையில் இருப்பவனின் சம்மதம் எத்தனை சம்மதம் என்ற கேள்வி இன்னும் அதன்மேல் நிற்கிறது.

இந்தக் குறைபாட்டில் பல வகை உண்டு. இந்தியாவில் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒடிசா என்ற மூன்று வகைகள் அதிகம் பேசப்படுகின்றன. கல்யாண் என்பது நம் மும்பை சென்ட்ரல் லைன் ரயில் போகும் கல்யாண்தான்.

மருத்துவமனையில்

ஹீமோகுளோபின் 7.2. மொத்த பிலிருபின் 5.4, அதில் மாற்றப்பட்ட வகை 0.8 மட்டுமே. கல்லீரல் நொதி ஏஎல்டி இயல்பு. அணு உடைந்தால் கூடும் எல்டிஹெச் பல மடங்கு அதிகம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.4, கவனிக்க வேண்டிய அளவு. ரத்தப் படலத்தில் விளிம்பு கடிபட்ட அணுக்கள். சிறப்புச் சாயத்தில் ஹைன்ஸ் துகள்கள், அதாவது கெட்டுப்போய்த் திரண்ட ஹீமோகுளோபின். மலேரியாக் கிருமி இல்லை. ஃபால்சிபாரம் மலேரியாவிலும் கறுநீர்க் காய்ச்சல் என்று ஒன்று உண்டு, சிறுநீர் இதே நிறத்தில் போகும். அது இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அணுக்களைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனையும் எதிர்மறை.

சிகிச்சை எளிமையானது: மருந்தை நிறுத்துவது, நரம்பு வழியாகத் திரவம், சிறுநீர் அளவைக் கணக்கு வைப்பது. மறுநாள் ஹீமோகுளோபின் 6.3-க்கு இறங்கி மூச்சுத் திணறல் கூடியதால் சிவப்பணு ஏற்றினார்கள். கறுப்பு, கட்டன் சாயா நிறமாகி, அடர் மஞ்சளாகி, நான்காம் நாள் தெளிந்தது. கிரியாட்டினின் 0.9-க்கு வந்தது. டயாலிசிஸ் வரை போகாதது அதிர்ஷ்டம்.

ஜி6பிடி சோதனையும் செய்தார்கள். முடிவு: 'இயல்பு'. இந்த இடத்தில் பல வழக்குகள் தவறாக மூடப்படுகின்றன. உடையும்போது முதலில் போவது நொதி குறைந்த கிழ அணுக்கள். மிஞ்சுவதும், எலும்பு மஜ்ஜை அவசரமாக அனுப்புவதும் இளம் அணுக்கள். அவற்றில் நொதி சற்றுக் கூடுதல். ஏற்றிய ரத்தம் வேறு, கொடுத்தவருடைய நொதியோடு வந்திருக்கிறது. அந்த நேரத்து 'இயல்பு' ஒன்றுக்கும் உதவாது. மூன்று மாதம் கழித்து மறுபடி செய்யச் சொல்லி வெளியேற்றச் சீட்டில் எழுதியிருந்த இளம் மருத்துவர் யாரென்று தெரியவில்லை, நல்லாயிருக்கட்டும். மூன்று மாதம் கழித்துச் செய்தோம். குறைபாடு தெளிவாகவே இருந்தது.

எதிர் வீட்டு அண்ணன் சொன்னது எங்கே பிசகியது

'மாத்திரையால்தான் நிறம் மாறியது' என்று அவர் சொன்னது சத்தியமான உண்மை. ஆனால் அதற்குள் இரண்டு வேறு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ரிஃபாம்பிசின் தானே ஒரு சாயம்; உடம்பிலிருந்து வெளியேறும்போது தன் நிறத்தோடு போகிறது. முதல் மாத்திரை அன்றே தொடங்கும், கண்ணீரிலும் வியர்வையிலும்கூட ஏறும். ஆள் வெளிற மாட்டார், ஏணி ஏறினால் மூச்சு வாங்காது, பட்டையில் ரத்தக் கட்டம் மாறாது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் பளீர் மஞ்சள், சிறுநீர் எரிச்சலுக்குத் தரும் பெனாசோபிரிடினின் ஆரஞ்சு எல்லாம் இந்த வகை. பிரைமாகுயினின் கறுப்பு மாத்திரையின் நிறமே அல்ல, உடைந்த ரத்தத்தின் நிறம். இரண்டு மூன்று நாள் கழித்து வரும். கூடவே சோர்வு, வெளுப்பு, கண் மஞ்சள், முதுகு அல்லது வயிற்று வலி. மருந்து சாப்பிட்ட ஆளைப் பார்க்காமல் குப்பியை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பும்.

நம் தேசிய மலேரியா சிகிச்சை வழிகாட்டியிலேயே, பிரைமாகுயின் சாப்பிடும்போது சிறுநீர் கறுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வர நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. இவருக்கும் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில், இந்தியில், வேகமாகச் சொல்லியிருந்தால் 'பதினாலு நாள், நிறுத்தாதே' என்பது மட்டும்தான் இவர் காதில் ஏறியிருக்கும். நிறுத்தாதே என்பதும் இப்படி ஆனால் நிறுத்து என்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட வேண்டியவை. முடிந்தால் அவரவர் மொழியில், அட்டையிலேயே எழுதி.

மற்ற கறுப்பு, சிவப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று கடும் உடற்பயிற்சி செய்தபின் தசைவலியோடு கோலா நிறம் வந்தால் தசை நைந்திருக்கலாம். குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோ சிரங்கோ வந்து, சில நாளோ வாரமோ கழித்து முகம் வீங்கிச் சிறுநீர் கறுத்தால் சிறுநீரக அழற்சி. வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. புகை பிடிப்பவருக்கு, வயதானவருக்கு, ஒரே ஒரு முறை போய்த் தானாக நின்றாலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று பார்த்தே ஆக வேண்டும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் வரும் இளஞ்சிவப்புக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

குடும்பம்

ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ், அது தாயிடமிருந்து வருவது. ஆகவே இவருடைய தாய் அந்த மரபணுவைச் சுமப்பவர் என்று கொள்ளலாம். சித்தியிடம் நான் கேட்ட முதல் கேள்வி அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்கும்: "நீங்க தம்பிக்கு அம்மா வழி சித்தியா, அப்பா வழியா?" சித்தப்பாவின் மனைவி என்ற முறையில் மட்டும் சித்தி என்றால் இதில் சம்பந்தமே இல்லை. அவர் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. எனவே அவருடைய இரண்டு மகன்களுக்கும் சோதனை செய்தோம். மூத்தவனுக்கு இயல்பு. இளையவனுக்குக் குறைபாடு.

அவனுக்கும் நோயாளிக்கும் தமிழிலும் இந்தியிலும் ஒரு சிறு அட்டை எழுதிக் கொடுத்தேன். பிரைமாகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின், மெத்திலீன் நீலம், ராஸ்புரிகேஸ் கூடாது. துணிக்கு வைக்கும் நாப்தலின் உருண்டை வீட்டில் வேண்டாம். "பயறு, மொச்சை எல்லாம் விடணுமா?" என்று சித்தி கேட்டார். இணையத்தில் எங்கோ பார்த்திருக்கிறார். மத்தியதரைக்கடல் நாடுகளில் தின்னும், வட இந்தியாவில் பாக்லா என்னும் ஃபாவா பீன்ஸ் ஒன்றுதான் ஆகாது. நம் மொச்சையும் அவரையும் வேறு இனம். தாராளமாகச் சாப்பிடலாம்.

அப்புறம் ஒரு செய்தி தானாக வந்தது. ஊரில் இருக்கும் தாய்மாமனுக்கும் பல வருடம் முன்பு காய்ச்சலுக்கு ஏதோ மாத்திரை சாப்பிட்டு 'கறுப்புக் காமாலை' வந்ததாம். அந்த மாமன் மகள்தான் இவருக்கு முறைப்பெண், பேச்சும் நடந்துகொண்டிருக்கிறது. மாமாவுக்கும் குறைபாடு இருந்தால், அவர் மகள் கட்டாயம் அந்த மரபணுவைச் சுமப்பாள். அவளை இவர் கட்டினால் பிறக்கும் மகன்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பு. வழக்கமாகத் தப்பித்துக்கொள்ளும் மகள்களிலும் பாதிப் பேருக்கு முழுக் குறைபாடே வரலாம். இதற்காகக் கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொல்லவும் இல்லை. குழந்தை பிறந்ததும் காமாலையைக் கூர்ந்து பார்க்கவும், எந்த மருந்துக்கு முன்னாலும் அட்டையைக் காட்டவும் தெரிந்தால் போதும்.

கல்லீரலில் தூங்கும் கிருமிக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. குறைபாடு உள்ளவர்களுக்கு, மருத்துவக் கண்காணிப்போடு வாரம் ஒரு முறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் 8 வாரம் பிரைமாகுயின் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருத்துவமனையில் பேசினோம். ஒரு முறை இத்தனை கடுமையாக உடைந்தவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம், காய்ச்சல் திரும்பினால் அன்றே சோதித்துக் குளோரோகுயின் கொடுக்கலாம் என்று முடிவானது. பிப்ரவரியில் ஒரு முறை திரும்பியது. குளோரோகுயினில் அடங்கியது, சிறுநீர் மஞ்சளாகவே இருந்தது.

மாமாவைச் சோதனைக்கு வரச் சொல்லிச் சித்தி இரண்டு முறை ஊருக்குப் போன் செய்தார். "நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்குட்டி ஊசி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்ணுக்குச் செய்துவிடலாமா என்று சித்தி கேட்கிறார். சுமக்கும் பெண்களுக்கு, குறைபாடு உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சாதாரணச் சோதனையில் பல சமயம் இயல்பு என்றே வரும், நொதியின் அளவைக் கணக்கிடும் சோதனைக்குத் திருநெல்வேலி போக வேண்டியிருக்கும், அதைவிட மாமாவின் விரலில் ஒரு சொட்டு எடுப்பது சுலபம் என்று சொல்லியிருக்கிறேன்.